பதினோராம் நம்பர்

பதினோராம் நம்பர் சட்டைக்காரன் உதைத்த பந்து கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனதும், "சே, விட்டுட்டானே" என்று விஜயபாஸ்கர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

காலையிலிருந்து தான் பேசிய முதல் பேச்சு அதுதான் என்பது சொன்ன பிறகே அவருக்கு உறைத்தது.

வளைகுடா ஊரான ருவைஸில் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அறையில் கூட இருக்கும் இருவரும் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். துணி துவைத்தார். சோறு வடித்தார். படுத்து எழுந்தார். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லாமல் சாயங்காலம் கால் போன போக்கில் நடந்தவர், மைதானத்தில் விளக்கு எரிவதைப் பார்த்துப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்.

இரண்டு கம்பெனி ஆட்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் ஃபுட்பால். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் யாராவது ஒருவனைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குக் கத்த ஒரு பெயர் இல்லை.

நாலு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பினார். நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெயர் ஹபீப் முகம்மது, ஊர் காயல்பட்டினம், இங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை என்றார். பந்து உதைக்கத் தெரியாதவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். விஜயபாஸ்கர் தனக்குக் கோவில்பட்டிப் பக்கம் என்றும், பிளாண்ட்டில் வால்வு மெக்கானிக் என்றும் சொன்னார்.

"அண்ணாச்சிக்கு வேண்டியவங்க யாரும் ஆடுறாங்களோ?"

இல்லை, சும்மா வந்தேன் என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் மறுபடி நகர்ந்து பழைய இடத்துக்குப் போய்விடுவார்.

"அந்தப் பதினொண்ணு நம்ம பையன்தான்" என்றார் விஜயபாஸ்கர்.

ஹபீப் முகம்மது மைதானத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து, பையன் பெயர் என்ன என்று கேட்டார்.

நிதின் என்று தேடாமலே வந்தது. கல்யாணமான புதிதில் ராதிகா யோசித்து வைத்த பெயர். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஊரில் அவளும் இங்கே இவருமாக, அந்தப் பெயரைப் பேச்சில் எடுத்தே வெகுகாலம் ஆகிவிட்டது.

ஹபீப் முகம்மது விடவில்லை. என்ன படித்திருக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, கோபம் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவ்வளவு கேள்வி யாரும் தன்னிடம் கேட்டு எத்தனை வருஷமிருக்கும் என்று விஜயபாஸ்கருக்குத் தோன்றியது. சொல்லச் சொல்லப் பையன் வளர்ந்தான். டிப்ளமா முடித்தான். மீன் என்றால் உயிர், காய்கறி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அம்மாவிடம் மணிக்கணக்கில் பேசுவான், அப்பாவிடம் இரண்டே வார்த்தை.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும், எல்லா வீட்டிலும் அதே கதைதான் என்றார் ஹபீப் முகம்மது.

இடைவேளையில் மக்ரிப் தொழப் போனவர், திரும்பி வரும்போது கையில் இரண்டு டீயோடு வந்தார்.

இரண்டாவது பாதியை விஜயபாஸ்கர் நின்றுகொண்டே பார்த்தார். பெயர் சொல்லிக் கத்தத் துணிவு வரவில்லை. ஓடு, அடி, விடாதே என்று மட்டும் கத்தினார். தொண்டை கட்டிக்கொண்டது. நன்றாக இருந்தது.

ஆட்டம் முடியப்போகும் சமயத்தில் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவன் குறுக்கே காலை நீட்ட, பதினோராம் நம்பர் குப்புற விழுந்தான். எழவில்லை.

ஹபீப் முகம்மது சட்டென்று எழுந்து இரண்டு படி இறங்கியும்விட்டார்.

விஜயபாஸ்கருக்கு நெஞ்சை அடைத்தது. பொய் சொன்னதற்காக அல்ல. நிஜமாகவே அடைத்தது.

பையன் மெல்ல எழுந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான். ஹபீப் முகம்மது மூச்சை விட்டார். இறங்கிய படிகளை ஏறிவந்து, விஜயபாஸ்கரின் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எந்திரிச்சிட்டான். பயப்படாதீங்க."

அந்தக் கை கொஞ்ச நேரம் தோளிலேயே இருந்தது.

விசில் ஊதினார்கள். ஆளுக்கொரு கோல், சமம். சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று விஜயபாஸ்கர் எழுந்தபோது, பதினோராம் நம்பர் லேசாக நொண்டியபடி நேராகப் படிக்கட்டை நோக்கி வந்தான். பையனைக் கூப்பிடுங்கள், நானும் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்று ஹபீப் முகம்மது சொல்லிவிட்டால் என்ன செய்வது?

யாரும் கூப்பிடவில்லை. அவனே படியேறி வந்து மூச்சு வாங்க நின்றான்.

"வாப்பா, தண்ணி இருக்கா?"

ஹபீப் முகம்மது பாட்டிலைத் திறந்து கொடுத்தார். விஜயபாஸ்கர் தலையை நிமிர்த்தவில்லை. காது இரண்டும் எரிந்தன.

"மாமாவுக்குக் கை கொடு" என்றார் ஹபீப் முகம்மது மகனிடம். "ஆட்டம் முழுக்க உனக்காகத்தான் கத்துனாங்க."

பையன் சிரித்தபடி கையை நீட்டினான். வேர்வையும் மண்ணுமாகச் சூடாக இருந்தது. விஜயபாஸ்கர் அதைப் பிடித்துக்கொண்டார். விட வேண்டிய நேரம் தாண்டியும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஹபீப் முகம்மது முகத்தைத் திருப்பி, ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.