செவ்வாய்க்கு நாற்பது நிமிடம்

“செவ்வாய்க்குப் போக நாப்பது நிமிஷமா? விளையாடுறவன் குறட்டை விட்டுடுவான்யா!” கேம் வடிவமைப்பாளரிடம் எரிந்து விழுந்தார் மேலாளர்.

“நிஜத்துல ஏழு மாசம் ஆகும் சார். நான் குறைச்சுத்தான் வச்சிருக்கேன்.”

“உன் நிஜத்தைத் தூக்கிக் குப்பையில போடு. பட்டனைத் தட்டினா டக்குனு செவ்வாய்ல நிக்கணும்.”

வடிவமைப்பாளர் மனமில்லாமல் பட்டனை வைத்தார்.

ஞாயிறு மாலை, அவர் வீட்டுக் கணினியில் விண்கலம் கிளம்பியது. பக்கத்து இருக்கை விமானியின் குரல் ஹெட்போனில் கேட்டது. தாயோடு வேறு ஊரில் வளரும் எட்டு வயது மகள்.

“இது என்னப்பா புது பட்டன்?”

“தட்டினா உடனே போயிடலாம்டா கண்ணு.”

“ஐயையோ, தொட்டுடாதீங்கப்பா! வாரத்துக்கு ஒரே ஒரு ட்ரிப்தான்னு அம்மா சொல்லியிருக்காங்கல்ல?”