மூன்றாவது புரோக்கர்

மூன்றாவது புரோக்கர் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

“புரோக்கர்னு மட்டும் சொல்லிடாதீங்க சார், மனசு சங்கடப்படும். ஆன்மிக நில ஆலோசகர்.”

காவியும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறத்தில் ஜிப்பா. விசிட்டிங் கார்டில் பாலாஜி என்ற பெயருக்கு மேலே மலை, மலைக்கு மேலே ஜோதி, ஜோதிக்கு மேலே செல் நம்பர்.

அன்பரசன் கார்டைப் படித்துவிட்டு டீப்பாயில் வைத்தான். சோபாவின் மறு நுனியில் இருந்த வினோதினி அங்கிருந்து அதை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச காலமாக அந்த வீட்டில் சாமான்கள் இப்படித்தான் கைமாறின.

பிரிவதென்று இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பெரிய சண்டையெல்லாம் இல்லை. இருந்ததும் தீர்ந்துபோயிருந்தது. வேங்கிக்கால் வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், புரோக்கரை இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிவு செய்யுங்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். விற்கிறவரை அவன் கீழே, அவள் மாடியில். விற்றதும் அவள் ஆரணிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போவாள். அவன் கீழ்பென்னாத்தூரில் அக்கா வீட்டு மாடிக்குப் போவான். எல்லாம் பேசியாகிவிட்டது. வீடு விற்பதுதான் பாக்கி.

காலையிலிருந்து இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள்.

முதலில் வந்த சக்கரபாணி குழாய்களைத் திறந்து மூடினார், பத்திரத்தைப் புரட்டினார், டீ வேண்டாமென்றார். “வந்தவாசி பார்ட்டி ஒண்ணு ரெடியா கீதுங்க. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் போட்டுடலாம்.”

அடுத்து வந்த ராஜா போன மாதம்தான் இதே தெருவில் இரண்டு வீடுகளை முடித்துக் கொடுத்தவர். “ஒரே மாசம் டைம் குடுங்க மேடம். சாவியை வாங்கிட்டுப் போயிடறேன்.”

இருவரிடமும் வினோதினி ஒரே குரலில், “யோசிச்சு சொல்றோம்ங்க” என்றாள். அன்பரசன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சில காலமாக எதற்குமே ஒன்றும் தோன்றுவதில்லை.

பாலாஜி வீட்டைப் பார்க்கவில்லை; உணர்ந்தார். ஹால் நடுவில் கண்ணை மூடி நின்று மூச்சை இழுத்து, “வைப்ரேஷன்” என்றார்.

மாடியில் வினோதினியின் வாஷிங் மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்தது.

பிறகு மொட்டை மாடிக்குப் போய் மலையைத் தேடினார். எதிரே எழும்பியிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால் மலை பத்திரமாக இருந்தது. தண்ணீர் டேங்க் மேல் ஏறிக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்ததில் உச்சி மட்டும் கொஞ்சம் கிடைத்தது.

“நேரடி மலை தரிசனம்னு போட்டுடலாம். கிரிவலப் பாதைக்கு மிக அருகில்.”

“அது இங்கேருந்து தூரமாச்சேங்க?” என்றான் அன்பரசன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுத்தறவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமா சார்?”

கீழே வந்து டீ குடித்தார். இரண்டாவது டீயும் குடித்தார். கைவசம் ஓர் இத்தாலிக்காரர் இருப்பதாகச் சொன்னார். இந்த வீடு அவருக்காகவே கட்டியதாம். ஆனால் இப்போது மௌன விரதத்தில் இருக்கிறாராம்.

“விரதம் எப்போ முடியும்?”

“அவர் வாயைத் தொறந்தாத்தானே மேடம் தெரியும்!”

டம்ளரை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்து உருகினார். “வந்ததுலேருந்து பாக்கறேன், ரெண்டு பேரும் ஏறுமாறா ஒரு வார்த்தை பேசலை. இப்படியொரு ஜோடி வாழ்ந்த வீடுன்னு சொன்னா பார்ட்டி ஓடி வருமே.”

சோபாவின் இரண்டு நுனிகளும் அசையவில்லை.

“இதுவரைக்கும் எந்த வீடுங்க முடிச்சுக் குடுத்தீங்க?” என்று கேட்டாள் வினோதினி. முன்னால் வந்த இருவரிடமும் அவள் இதைக் கேட்கவில்லை.

பாலாஜி நிமிர்ந்து உட்கார்ந்தார். “கலெக்டர் ஆபீஸ் பின்னாடி பச்சை பெயின்ட் அடிச்ச வீடு பாத்திருப்பீங்களே? ஏழு வருஷமா நம்ம கையிலதான் இருக்கு. எத்தனையோ பேர் வந்து கேட்டாங்க. குடுப்பமா? அந்த வீட்டுக்கு ஏத்த ஆத்மா இன்னும் வரலை.”

“ஏழு வருஷமாவா?” என்றான் அன்பரசன்.

“நம்மகிட்ட வந்த வீடு லேசுல போகாது சார்.”

வினோதினி திரும்பி அன்பரசனைப் பார்த்தாள்.

“இவருக்கே குடுத்துடலாமா?”

“குடுத்துடலாம்.”

ஃபிரிட்ஜ் யாருக்கு என்பதைத் தீர்மானிக்க இதே இரண்டு பேர் வக்கீல் ஆபீசுக்கு மூன்று தடவை நடந்திருக்கிறார்கள்.

பாலாஜிக்கே இது கொஞ்சம் அதிர்ச்சிதான். யாரும் இவ்வளவு சுருக்கில் அவரிடம் வீட்டை ஒப்படைத்ததில்லை. மனம் மாறிவிடப் போகிறார்களோ என்று ஓடிப்போய் ஸ்கூட்டரிலிருந்து போர்டை எடுத்து வந்தார். ‘விற்பனைக்கு’ என்ற எழுத்தை விட அவர் படம் பெரிதாக இருந்தது. கேட்டில் அதைச் சாய்த்து வைத்து, ஜிப்பா பையிலிருந்து சணல் கயிற்றை உருவினார்.

சித்திரை வெயிலில் தெருவே வெளுத்துக் கிடந்தது.

“கயிறு வேணாம்ங்க,” என்றாள் வினோதினி வாசலில் நின்றபடி. “ஐப்பசி மழைக்கு இத்துப்போயிடும்.”

அன்பரசன் உள்ளே போய்க் கட்டுக்கம்பியும் குறடும் எடுத்து வந்து, போர்டைத் தானே கட்டினான். நான்கு மூலையிலும், இரண்டிரண்டு சுற்று.