விழித்திருந்த குரல்

"பந்தியில இலை முன்னாலயே தூங்கி விழறார் டாக்டர், ஊரே சிரிக்குது. ராத்திரி குறட்டை வேற விடுவார்போல," என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் இளம்பரிதியை மாட்டிவிட்டாள் செண்பகவல்லி. டாக்டர் கேட்டிருந்தபடி, இரவு முழுவதும் படுக்கையறைச் சத்தத்தைப் பதிவுசெய்த கைபேசியை மேசையில் ஓடவிட்டு வைத்தாள்.

குறட்டை அறையை நிறைத்தது. சட்டென்று மூச்சே நின்றது. அந்த அமைதியில் அவன் குரல்: "செண்பா, ஒருக்களிச்சுப் படும்மா." மூச்சு திரும்பியது. டாக்டர் பதிவைத் தள்ளித் தள்ளிப் போட்டார். எங்கும் அதே குரல், தூங்காமல்.

அவள் முகம் சுண்டிப்போனது.

"யாருக்கும்மா மூச்சு நிக்குது?"

"எனக்குத்தான்," என்று முந்திக்கொண்டான் அவன்.

டாக்டர் அளவு பார்க்க, தூங்கும்போது தலையைச் சுற்றி வார் போட்டு மாட்டும் மூச்சுக்கருவி முகமூடியை எடுத்தார். செண்பகவல்லி நிமிராமலே கூந்தலிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.