அட்மின் ஆன அன்று

பட்டியலில் நாற்பத்தோரு பெயர்கள். அவள் நேராகச் சென்னியப்பன் பெயருக்குப் போனாள்.

பெயருக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் கட்டம். அதைத் தொட்டதும் திரையின் மேல் ஓரத்தில் டெலீட் வந்து நின்றது.

இதற்காகத்தானே ஐந்து வருஷம் கறுவிக்கொண்டிருந்தாள்.

கரூரில் மேஜை விரிப்பும் திரைச்சீலையும் நெய்து ஜெர்மனிக்கு அனுப்புகிற கம்பெனி. ஆபீஸின் மெயில், கோப்பு எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று பார்க்க ஓர் அட்மின் உண்டு. அது டிசைன் மேனேஜர் சென்னியப்பன். நேற்றோடு அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

காலையில் ஜெர்மனியில் நடக்கிற கண்காட்சிக்குக் கிளம்புகிற அவசரத்தில் முதலாளி ஒரு பாஸ்வேர்டு சீட்டை அவள் மேஜைமேல் போட்டார்.

"இந்தத் தலைவலியெல்லாம் எனக்கு ஆகாதும்மா. நீயே பாத்துக்க," என்று திருவாய் மலர்ந்தார். "முதல்ல சென்னியப்பன் கணக்க மூடிடு."

கரும்பு தின்னக் கூலியும் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் அவள் பிரசவத்துக்குப் போனாள். ஆறு மாதம் கழித்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது அவள் அதற்குள் இல்லை. மெயில் இல்லை. கண் நோக வரைந்த எழுநூறு டிசைன் இல்லை. ஜெர்மன்காரர்கள் அவள் பெயருக்கு எழுதிய கடிதமெல்லாம், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற பதிலோடு திரும்பிப் போயிருந்தன.

சென்னியப்பனிடம் போய்க் கேட்டாள். அவர் முகம் பார்க்கவில்லை. போயிருச்சு அம்மிணி, புதுசா ஒண்ணு போட்டுத் தாறேன் என்றார்.

புதுக் கணக்கோடு அவளும் புது ஆளானாள். ஆறு வருஷ சர்வீஸ் காற்றோடு போயிற்று. நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள் அவளுக்குக் கலர் சேர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பால் கட்டிய மார்போடு பாத்ரூமில் நின்று அழுதாள்.

அதன்பிறகு அழவில்லை.

டெலீட்டின்மேல் விரல் இருக்கும்போதே போன் அடித்தது. சென்னியப்பனேதான்.

பேத்தி போட்டோ, வீட்டுப் பத்திரம், மகள் கல்யாண வீடியோ, எல்லாவற்றையும் ஆபீஸ் கணக்கிலேயே போட்டு வைத்திருக்கிறாராம். சொந்தமாக ஒரு மெயில் வைத்துக்கொள்ளவே இல்லையாம். கம்பெனியே கதி என்று கிடந்தவர்கள் செய்கிற தப்பு.

"ஒரு வாரம் பொறுத்துக்க அம்மிணி. எம்மருமவன் வந்து எடுத்துக்குவாப்ல."

"ஒரு மெயில் போட்டுடுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

எதிலிருந்து போடுவார்?

டெலீட்டை அழுத்தினாள்.

கணக்கு உடனே போய்விடவில்லை. இவருடைய கோப்புகளும் கடிதங்களும் யாருக்கு என்று ஒரு கேள்வி வந்தது. யாருக்கும் வேண்டாம் என்றும் ஒரு வழி இருந்தது. அவளுக்கு அன்று கிடைத்தது அந்த வழிதான். கையும் அதற்குத்தான் போனது.

ஆனால் ஒரு நப்பாசை. எழுநூறில் ஏழெட்டாவது அந்த மனிதரிடம் கிடக்காதா. தன் பெயரைப் போட்டாள்.

பட்டியலில் நாற்பது பெயர்கள்.

சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்கு, ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

மதியத்துக்குள் சென்னியப்பனின் பதினான்கு வருஷத்துக் கடிதங்கள் அவளிடம் வந்து சேர்ந்தன. தேடும் இடத்தில் தன் பெயரை அடித்தாள். டிசைன் ஒன்றுகூட இல்லை. ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு கடிதம் இருந்தது.

முதலாளி எழுதியது.

பிள்ளை பெத்துட்டு வந்தா பழைய சர்வீஸச் சொல்லி சம்பளம் ஏத்தச் சொல்லுவா. அவ கணக்க எடுத்துடு. புது ஆளா வரட்டும்.

கீழே சென்னியப்பனின் பதில்கள்.

ஐயா, வேண்டாங்க. பாவம்ங்க.

ஐயா, டிசைனையாவது எடுத்து வெக்கட்டுங்களா?

இரண்டுக்கும் முதலாளி ஒன்றும் எழுதவில்லை. நான்கு நாள் கழித்து மூன்றாவது.

முடிச்சாச்சுங்க.

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். வந்து மறுபடியும் படித்தாள். இத்தனை வருஷமும் ஆள் மாறியல்லவா சபித்திருக்கிறாள்.

நீக்கிய கணக்கை இருபது நாள் வரை திரும்ப எடுக்கலாம் என்று திரையில் இருந்தது.

எடுத்துவிடலாம். பேத்தியும் பத்திரமும் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். எடுக்கத்தான் போகிறாள். ஆனால் இன்றைக்கு இல்லை. நாளைக்கும் இல்லை. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் ஐந்து வருஷம் எதிரே உட்கார்ந்து டீ குடித்த மனிதர். கெடு எத்தனை நாள் என்று அவருக்கும் தெரியும். எண்ணிக்கொண்டு கிடக்கட்டும். பத்தொன்பதாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

முதலாளி விஷயம் வேறு.

கண்காட்சிக்கு வேண்டிய அத்தனையும் அவர் கணக்கில்தான் இருக்கின்றன. புது டிசைன் படங்கள். யாரை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்ற பட்டியல். ஹோட்டல் முகவரி. திரும்பி வர டிக்கெட்.

மூன்றரை மணிக்கு முதலாளியின் டிரைவர் விமான நிலையத்திலிருந்து திரும்பினார்.

"ஐயா உள்ள போய்ட்டாருங்க. பிளேனும் கெளம்பிருச்சு," என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுக் காரைத் துடைக்கப் போனார்.

அவள் நாற்காலியை மேஜையோடு இழுத்துப் போட்டுக்கொண்டாள். பட்டியலின் உச்சிக்குப் போனாள். முதல் பெயர் முதலாளியுடையது.

அவர் ஜெர்மனியில் இறங்கிப் போனைத் திறக்க இன்னும் பதினைந்து மணி நேரம் ஆகும்.