எல்லாருக்கும் ஊசி

"கையை நீட்டுங்கோன்னா நீட்டணும். இதிலே என்ன கேள்வி?"

டாக்டர் பாகீரதியம்மாள் போட்ட கூச்சல் ஆரப்பாளையம் ஜட்கா ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

கம்பவுண்டர் ஹாலாஸ்யம் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினார். பங்குனி பிறந்ததிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் இதே கூத்து. சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டம் வருமாம், கூட்டத்தோடு காலரா வருமாம். அதனால் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் வாராவாரம் ஊசி!

"காலரா ஊசியை வாராவாரம் போடற வழக்கமே கிடையாதே, டாக்டர்?"

"இது புது மருந்து. நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

ஹாலாஸ்யம் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். இத்தனைக்கும் மருந்து கலக்குவது ஹாலாஸ்யத்தின் வேலை. இந்த ஊசிக்கு மட்டும் அவரையே உள்ளே விடாமல், கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மாளே கலக்குகிறார். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் குத்தி அனுப்புகிறார். என்ன மருந்தோ, என்ன எழவோ!

"எங்கையைப் பாருங்க சாமி, வீங்கிப் போச்சு. வாளி தூக்க முடியல" என்றாள் ஆயா சின்னத்தாய்.

"காலராக்காரன் ஒருத்தனைக்கூடக் காணோம். நமக்கு எதுக்கு இம்புட்டு ஊசி?" என்றான் வார்டு ஆள் மலையாண்டி.

"எதுக்கா? அந்தம்மாவுக்குக் கிறுக்கு முத்திப் போச்சு, அதுக்குத்தான்" என்றார் ஹாலாஸ்யம்.

அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். தகாத உறவில் ஒட்டிக்கொள்கிற மேகநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ள எந்தப் பெரிய மனிதர் பின்வாசல் வழியாக வந்தார் என்பது அன்று பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும். தெரிவிக்கிற புண்ணியவான் இவர்தான். மற்றபடி கெட்ட மனிதர் இல்லை. யாராவது கண் கலங்கினால் இவருக்குப் பொறுக்காது.

நர்ஸ் சோலையம்மாள் கண் கலங்கித்தான் நின்றாள். சமயநல்லூரில் மாப்பிள்ளை பார்த்து, வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமான பெண். சிரித்த முகமாக வளையவந்தவள், இப்போது செவ்வாய்க்கிழமை வந்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறாள். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

அன்றைக்கு அவள் உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள். ஹாலாஸ்யம் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"கல்யாணப் பொண்ணை இப்படியா வதைக்கிறது? போதும். அடுத்த செவ்வாய் ஒருத்தரும் கையை நீட்டக் கூடாது. என்ன ஆனாலும் நான் பேசிக்கறேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்த செவ்வாய் டாக்டரம்மாள் கதவைத் திறந்துகொண்டு, "யார் முதல்லே?" என்றார்.

ஒருவரும் நகரவில்லை.

"காரணத்தைச் சொல்லுங்கோ, போட்டுக்கறோம்" என்றார் ஹாலாஸ்யம்.

"காரணமா? உங்ககிட்டயா?" டாக்டரம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "ஈசுவரா! இந்த மனுஷனை வெச்சுண்டு நான் என்னதான் பண்ணுவேன்?"

காரணத்தை மட்டும் சொல்லவில்லை. கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சோலையம்மாள் எழுந்து அந்தக் கதவை நோக்கி நடந்தாள். ஹாலாஸ்யம் குறுக்கே போய் நின்றார்.

"நீ ஏம்மா போறே? உனக்காகத்தானே இவ்வளவும்! வேலை போயிடும்னு பயப்படறியா? நான் இருக்கேன்."

"வழி விடுங்க சார்."

"ஒருத்தி போனா எல்லாரும் வரணும்னு அந்தம்மா சொல்லுவா. பேசாம உட்காரு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "இங்கிட்டு வாங்க" என்று விறுவிறுவென்று மருந்தறைக்குள் போனாள். அவர் பின்னாலேயே போனார். அவள் குரலைத் தணித்துக்கொண்டு பேசினாலும் கோபம் தணியவில்லை.

"போன மாசம் ஒரு மேகநோய்க்காரருக்கு ரத்தம் எடுத்த ஊசி, கழுவுறப்ப என் விரல்ல ஏறிருச்சு. அது எனக்குத் தொத்திறாம இருக்கணும்னா நானும் வாராவாரம் மேக ஊசி போட்டே ஆகணும்னாக டாக்டரம்மா."

ஹாலாஸ்யம் வாயைப் பிளந்தார்.

"நான் மட்டும் தனியாப் போட்டுக்கிட்டா விடுவீகளா நீங்க? எதுக்கு, என்னன்னு தோண்டி எடுத்து, சமயநல்லூரு வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்திருக்க மாட்டீக? வேலையில குத்துன ஊசின்னு ஊருல எவன் சார் நம்புவான்? எங் கல்யாணம் நின்னுருக்கும். அதுக்காகத்தேன் அந்தம்மா அம்புட்டுப் பேரையும் குத்துறாக. மருந்து எனக்கு மட்டுந்தேன். ஒங்களுக்கெல்லாம் வெறும் உப்புத்தண்ணி!"

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல? போயி எல்லார்ட்டயும் சொல்லுங்க."

ஹாலாஸ்யத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒதுங்கி வழி விட்டார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள்.

அவர் வராந்தாவுக்கு வந்ததுமே எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"அந்தப் புள்ள என்ன சாமி சொல்லுச்சு? எதுக்காம் இந்த ஊசி?" என்று கேட்டாள் சின்னத்தாய்.

ஹாலாஸ்யம் சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டார்.

"காலராவுக்குத்தான், வேற எதுக்கு? வாயை மூடிண்டு எல்லாரும் எனக்குப் பின்னாலே வரிசையா நில்லுங்கோ!"