பஞ்சர் ஆகாத டயர்

ஆரணியிலிருந்து களம்பூர் போகும் வழியெல்லாம் பட்டு வியாபாரி லோகநாதன், வாடகைக் கார் ஓட்டும் குணாவைத் திட்டிக்கொண்டே வந்தார்.

“காத்தே இல்லாத டயரா? உன்னை யாரு மாட்டச் சொன்னது?”

“கம்பெனிக்காரங்க சோதனைக்குக் குடுத்தாங்க ஐயா. ஆணி மேல ஏறினாலும் ஒண்ணும் ஆகாது. ஸ்டாண்டுல அத்தனை டிரைவருங்களும் குனிஞ்சு குனிஞ்சு பாத்துகினு இருந்தாங்க. ஒரே பொறாமை!”

“எனக்குப் பேஜாரா இருக்குது. நேத்தே சொல்றதுக்கு என்ன?”

பின் இருக்கையில் அவர் மனைவி ஜெயம் சிரிப்பை அடக்கினாள். “நல்ல டயர்தானே, விடுங்களேன்.”

“நீ சும்மா இரு. நம்ம குடும்ப மானமே இதுலதான் இருக்குது.”

டயரில் என்ன மானம் என்று குணாவுக்குப் புரியவில்லை.

பச்சை கேட் போட்ட ஒரு வீட்டின் முன் காரை நிறுத்தச் சொன்னார் லோகநாதன். இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்துத் தூர எறிந்தார்.

“பஞ்சர்னு சொல்லித் தண்ணி கேட்டா, என் பையனுக்குச் சொன்ன பொண்ணை ஒரு பார்வை பாத்துடலாம்னு இருந்தேன். பிடிக்கலன்னா ரெண்டு வீட்டுக்கும் தலைகுனிவு இல்ல. கெடுத்துட்டியேடா!”

அதற்குள் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு அந்தப் பெண்ணே கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். டயரைக் குனிந்து பார்த்தாள்.

“பஞ்சர்னு சொல்லிகினு ஏற்கெனவே மூணு வீட்டுக்காரங்க இங்க வந்து நின்னாங்க. பொய் சொல்ல முடியாத வண்டியில வந்தது நீங்கதான். உள்ள வாங்க, மாப்பிள்ளை போட்டோவைக் காட்டுங்க.”