ராத்திரியிலும் பளிச்சுன்னு தெரியும்

"கடையில வெச்சுக் காட்டினா எல்லாக் கேமராவும் பளிச்சுன்னுதான் தெரியும். உங்க வூட்டுல மாட்டியிருக்கிறதைக் காட்டுங்க, பாக்கலாம்" என்றாள் அந்த அம்மாள்.

செஞ்சி கடைத்தெருவில் கேமரா கடை வைத்திருக்கும் சீதளநாதன் இப்படி ஒரு பிடியை எதிர்பார்க்கவில்லை. காலையில் முதல் போணி. அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மூட்டைக்குள் கைவிட்டு மல்லாட்டைப் பருப்பை உடைத்துப் பார்ப்பவளைப் போல ஒவ்வொரு கேமராவையும் புரட்டினாள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கேமராவைக் காட்டியதற்கு, "வாயில்லாத சாமானுக்கு இவ்ளோ ஆட்டம் எதுக்கு?" என்று ஒதுக்கினாள். ஹார்ட் டிஸ்க் வைத்த செட்டை விலையைக் கேட்டதும் ஒதுக்கினாள். கடைசியில் மெமரி கார்டு போடுகிற, இருப்பதிலேயே மலிவான செட்டில் வந்து நின்றாள். வாசலுக்கு ஒன்று, தோட்டத்துப் பக்கம் ஒன்று. அதையும் பாதி விலைக்குக் கேட்டாள்.

"பாதிக்குக் குடுத்தா, நான் அழறதைப் படம் புடிக்க எனக்கே ஒரு கேமரா மாட்டணும்மா."

"அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல உங்க வூட்டைக் காட்டுங்க."

கை வியாபாரத்தில் இருந்தாலும் சீதளநாதனின் மனசு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. மகன் செந்திலுக்குப் பெண் தேடித் தேடி அவருக்குச் செருப்பும் அவனுக்கு முன்மண்டை முடியும் தேய்ந்துவிட்டன. இப்போதுதான் வந்தவாசிப் பக்கம் ஜினிஷா என்று ஒரு பெண்ணின் ஜாதகம் திரும்பி வராமல் நின்றிருக்கிறது. ஞாயிறன்று மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். தரகர் பொன்னுசாமியிடம் அவர் ஒன்றைத்தான் அழுத்தமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "எங்க வூட்டுல பொழுது சாஞ்சா அடுப்பு எரியாது. வெங்காயம் பூண்டு வாசப்படி தாண்டாது. செஞ்சி ஜைனருங்கள்ல இப்படி இன்னொரு வூடு இருக்குதான்னு விசாரிச்சிக்கச் சொல்லு."

செல்போனைத் தடவி வீட்டு வாசலைக் காட்டினார்.

"பாருங்க, எதிர் வூட்டு ஸ்கூட்டர் நம்பரைப் படிக்கலாம்."

"இது பகல். பகல்ல திருடன் வந்தா நானே கவனிச்சிக்குவேன். ராத்திரி எப்படி?"

"நேத்து ராத்திரி பதிவானதைக் காட்டறேன்."

"வாசல்ல தெருவிளக்கு இருக்கும். வெளிச்சமே இல்லாத எடம் எதுனா இருந்தா காட்டுங்க."

"சமையக்கட்டுல ஒண்ணு இருக்குது. பூனை பாலை உருட்டுதுன்னு மாட்டினேன். அது ஓடாத கேமரான்னு வூட்ல நெனச்சிட்டிருக்காங்க. நீங்க கேட்ட அதே மலிவு சரக்குதான்."

திரையில் நேற்று ராத்திரியின் ஆளில்லாத சமையற்கட்டு தெரிந்தது.

"கும்மிருட்டும்மா இது. கடுகு டப்பா வரைக்கும் தெரியுது பாருங்க. உங்க வூட்டுல எறும்பு போனாக்கூட ஆணா பொண்ணான்னு சொல்லிடலாம்."

அப்போது திரைக்குள் செந்தில் வந்தான். பின்னாலேயே சீதளநாதனின் மனைவி கமலாம்பாள். மகன் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, தாய் எதையோ உரித்து, அரிந்து, மாவில் பிசைந்து, அடுப்பைப் பற்றவைத்தாள். அதை அணைக்கப் போன சீதளநாதனின் விரல் பட்டுப் படம் முன்னே தாவ, இரண்டு பேரும் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாயால் ஊதி ஊதிப் பக்கோடா தின்றார்கள். பின்னணியில் கூடத்திலிருந்து சீதளநாதனின் குறட்டை ஒரு குறையும் இல்லாமல் பதிவாகியிருந்தது.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த மகாவீரர் படத்தை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னா அது, வெங்காயமா?"

"முட்டைக்கோசு."

"தோலை உரிச்சாங்களே."

"கேமரா மட்டம்மா. மலிவு சரக்கு வேற எப்படி இருக்கும்? ராத்திரியில கோசுகூட வெங்காயமாத்தான் தெரியும்."

"இப்பதான எறும்பு ஆணா பொண்ணான்னு சொன்னீங்க?"

"வியாபாரத்துல ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா."

"அப்ப மட்டமான சரக்குக்கு எதுக்கு இந்த வெல? கொறைங்க."

சீதளநாதன் வசமாக மாட்டிக்கொண்டார். கேமரா நல்லது என்றால் வீடு கெட்டது. வீடு நல்லது என்றால் கேமரா கெட்டது. இந்த அம்மாள் பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கும்போது வாயைத் திறந்தால் போதும், பஸ் கிளம்புவதற்குள் சங்கதி வந்தவாசி போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வைத்திருக்கும் முந்திரியை அவரே உட்கார்ந்து கொறிக்க வேண்டியதுதான்.

குரலைத் தாழ்த்தினார். "நீங்க கேட்ட பாதி வெலைக்கே எடுத்துக்கங்க. பாத்ததை மட்டும் வெளிய சொல்லிடாதீங்கம்மா. எம்புள்ள கல்யாணம் இதுல தொங்குது."

"ஒயரு?"

"இலவசம்."

"ஆளு வந்து மாட்டித் தரணும்."

"நானே வந்து மாட்டறேன்."

"தோட்டத்துக் கேமரா மழையில நனையாம மேல ஒரு தகரம்?"

"அதையும் அடிச்சுத் தர்றேன் தாயே."

அந்த அம்மாள் சுருக்குப் பையை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்தாள். ஆபத்து நீங்கிய நிம்மதியில் சீதளநாதன் பேனாவை எடுத்தார்.

"எந்த ஊருக்கு வந்து மாட்டணும், பேரு சொல்லுங்க."

"வந்தவாசி. ஜினிஷாவோட அம்மான்னு சொன்னா உங்க தரகரே கூட்டியாந்து விடுவாரு."

பேனா மேஜையில் உருண்டது. அந்த அம்மாள் கேமராப் பெட்டியை எடுத்து இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க பொண்ணுக்கு வெங்காயம் இல்லாம ஒரு வாய் எறங்காது. உங்க வூட்டு ஆசாரத்தைக் கேட்டு பயந்துபோய், இந்த எடம் வேணாம்னு சொல்லிட்டுப் போறதுக்குத்தான் வந்தேன், சம்பந்தி."